வெளியே போக உத்தரவு இல்லை

காரைக்கால் அரசலாற்றங்கரையில் பிரெஞ்சுக்காரன் கட்டிவிட்டுப் போன துரை மாளிகையைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடுவது என்று அரசு முடிவு செய்தது. நல்ல முடிவுதான். அதனால்தான் அதைப் பாதுகாக்க வேண்டியதாயிற்று.

அதுவரை மாளிகைக்குப் பாதுகாப்பு என்று தனியாக எதுவும் கிடையாது. மாடியில் ஓர் அலுவலகம், கீழே பூட்டிக் கிடந்த கூடங்கள், வராந்தாவில் ஆடுகள். அவ்வளவுதான். திறப்பு விழா முடிந்ததும் புதுச்சேரியிலிருந்து உத்தரவு வந்தது. "பொதுமக்களின் பாதுகாப்பையும், பொதுமக்களிடமிருந்து மாளிகையின் பாதுகாப்பையும் ஒருங்கே கருத்தில் கொண்டு" என்று அது தொடங்கியது. ஆற்றைப் பார்த்த தெற்கு வாசல் சுற்றுலாப் பயணிகளுக்கு. கையில் பட்டை கட்டிக்கொண்டு அவர்கள் அந்த வழியே வரலாம், போகலாம். கடைத்தெருவைப் பார்த்த வடக்கு வாசல், மாடி அலுவலகத்துக்கு வேலையாக வரும் உள்ளூர்க்காரர்களுக்கு. நெரிசலைத் தவிர்க்கும்பொருட்டு அந்த வாசல் உள்ளே வருவதற்கு மட்டும்.

உள்ளே வந்த உள்ளூர்க்காரர் எந்த வழியாக வெளியே போவார் என்று உத்தரவில் ஒரு வரியும் இல்லை. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அரசு அலுவலகத்துக்கு வேலையாகப் போனவன் சீக்கிரம் திரும்பி வருவான் என்று எந்த அனுபவத்தை வைத்து அவர் எதிர்பார்த்திருக்க முடியும்?

இந்த ஏற்பாட்டில் முதலில் மாட்டியவர் காரைக்காலை ஒட்டிய திருமலைராயன்பட்டினம் அப்துல் லத்தீப். வாலிபம் முழுவதையும் துபாயில் கழித்துவிட்டுத் திரும்பி, பட்டினத்தில் ஃபேன், மிக்ஸி விற்கும் கடை வைத்திருப்பவர். அன்று சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பிறகு, அவருடைய ஒரே மகள் பஹீமாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை ஆபித், நாகூர்ப் பையன். பட்டினத்திலிருந்து எல்லையிலுள்ள வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். ஆனால் அது தமிழ்நாடு, இது புதுச்சேரி.

காலையில் மாடி அலுவலகத்திலிருந்து லத்தீபுக்கு போன் வந்தது. "தெருவுல பந்தல் போட்டிருக்கீங்களே பாய், அனுமதிக்கு நேர்ல வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுங்க. இல்லேன்னா பிரிக்கச் சொல்லிடுவாங்க."

அவர் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். வடக்கு வாசலில் மரியாதையாக உள்ளே விட்டார்கள். மாடியில் கையெழுத்து வாங்க வேண்டிய எழுத்தர் இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு ரோஜாப்பூ கொடுக்கும் அவசரப் பணிக்கு அவர் மாற்றப்பட்டிருந்தார். சரி, பந்தலைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று லத்தீப் கீழே இறங்கினார். வடக்கு வாசலில் இருந்த பெண் காவலர் கையை நீட்டித் தடுத்தார்.

"இது வர்ற வழி பாய். போற வழி அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் போனார். அங்கே கலைவாணன் என்ற இளம் காவலர் நின்றார்.

"பட்டை எங்கங்க?"

"எந்தப் பட்டை?"

"டூரிஸ்ட் பட்டை. உள்ளே வரும்போது கையில கட்டியிருப்பாங்களே."

"நான் டூரிஸ்ட் இல்ல தம்பி."

"அப்போ நீங்க இந்த வழியா உள்ளே வரல."

"வரல. வெளியேதான் போகணும்."

"உள்ளே வராதவர் எப்படிங்க வெளியே போக முடியும்?"

விஷயம் பாதுகாப்பு அலுவலர் சுவாமிநாதனிடம் போயிற்று. சுவாமிநாதன் நல்ல மனிதர். நாற்காலி போட்டார், டீ வாங்கிவரச் சொன்னார், குடும்பத்தை விசாரித்தார். வெளியே மட்டும் விடவில்லை.

"சாயங்காலம் மகளுக்கு நிக்காஹ் சார். ஒரு டூரிஸ்ட் பட்டை கொடுங்க. என்ன கட்டணமோ கட்டிடுறேன்."

சுவாமிநாதன் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு வருத்தப்பட்டார். "உள்ளூராச்சேங்க. உள்ளூர்க்காரங்க டூரிஸ்ட் ஆக முடியாது. கொஞ்சம் தள்ளி நாகூர்ல பொறந்திருந்தீங்கன்னா பிரச்சினையே இல்ல."

"கட்டடம் எங்க ஊருது சார். வரி நாங்க கட்டுறோம்."

"அதனாலதாங்க சிக்கல். உங்களுக்குக் கட்டடத்தைத் தெரியும். தெரிஞ்சவங்களாலதான் ஆபத்து. நாகூர்க்காரருக்கு இங்க கக்கூஸ் எங்க இருக்குன்னுகூடத் தெரியாது பாருங்க."

இருந்தாலும் மனிதாபிமான அடிப்படையில் புதுச்சேரிக்கு ஒரு மெயில் அனுப்பினார். காரைக்காலில் ஒருவர் வாசலைத் தாண்ட வேண்டுமானால் புதுச்சேரியைக் கேட்பதுதான் முறை. வியக்கத்தக்க வேகத்தில் பதில் வந்தது. மனுதாரர் வெளியே செல்ல வேண்டியதன் நோக்கம் என்ன? மகள் திருமணம் என்று சுவாமிநாதன் எழுதினார். மேற்படி மகள் தற்போது மாளிகைக்குள் இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா? வெளியே என்று எழுதினார். வெளியே இருப்பவர்கள் தொடர்பான கோரிக்கைகளை இந்த அலுவலகம் பரிசீலிப்பதில்லை என்று கோப்பை முடித்துவிட்டார்கள்.

மதிய லுஹர் தொழுகையை லத்தீப் வராந்தாவிலேயே தொழுதார். மனைவி சித்திக்கா போனில் கூப்பிட்டாள்.

"பஹீமா வாப்பா, எங்க இருக்கீங்க? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கிளம்பிட்டாங்களாம்."

அவர் சொன்னார். அவள் நிக்காஹ் நடத்த வந்திருந்த ஆலிம்சாவிடம் ஓடி விசாரித்தாள். பிறகு, "ஆலிம்சாகிட்ட கேட்டேன். பொண்ணைக் கட்டிக் கொடுக்கிற பொறுப்பை நீங்க போன்லயே இன்னொருத்தருக்குக் கொடுக்கலாமாம், மார்க்கத்துல இடம் இருக்காம்" என்றாள்.

லத்தீபின் குரல் உடைந்தது. "இந்தப் புள்ள பொறந்தத போன்லதான் கேட்டேன். நடக்க ஆரம்பிச்சத போன்லதான் கேட்டேன். ஸ்கூல்ல பரிசு வாங்கினதும் போன்லதான். கட்டிக் கொடுக்கறதையும் போன்லயா செய்யச் சொல்றே?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பஹீமா போனை வாங்கினாள்.

"வாப்பா, நீங்க அங்கேயே இருங்க. வெளியே போகத்தானே உத்தரவு இல்ல? உள்ளே வர இருக்குல்ல?"

அஸருக்கு முன்பே பெண் வீட்டார் வடக்கு வாசலுக்கு வந்துவிட்டார்கள். என்ன வேலையாக வந்தீர்கள் என்று பெண் காவலர் கேட்டார். "எங்க வாப்பாவை வெளியே விடச் சொல்லி மனு கொடுக்கணும்" என்றாள் கல்யாணப் பெண். "தாராளமாப் போங்க" என்று எல்லோரையும் உள்ளே விட்டார். பிரியாணி அண்டாவான தேக்சா மட்டும் ஸ்கேனருக்குள் நுழையவில்லை. ஆகவே காவலர்கள் அதைத் தின்று பார்த்துச் சோதித்தார்கள். முதல் சோதனையில் சந்தேகம் முழுதாகத் தீராததால் இரண்டாவது சோதனையும் நடந்தது.

போனில் தகவல் போய் நேரே மாளிகைக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரைத் தெற்கு வாசலில் பட்டை கட்டி, ரோஜாப்பூ கொடுத்து வரவேற்றார்கள். வெளிமாநிலத்திலிருந்து இத்தனை பேர் மொத்தமாக மாளிகையைப் பார்க்க வந்தது அதுவே முதல் தடவை. மாப்பிள்ளையின் தகப்பனார் காஜா நஜ்முதீன் வாழ்க்கையில் அதுவரை காரைக்காலுக்கு மீன் வாங்கத்தான் வந்திருக்கிறார். அவரைச் சிறப்பு விருந்தினர் நாற்காலியில் உட்காரவைத்து, எங்கள் நகரம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள்.

மாளிகையின் பெரிய கூடத்தில் நிக்காஹ் நடந்தது. மகளைத் தன் வாயாலேயே கட்டிக் கொடுத்துவிட்டு, லத்தீப் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சுற்றிப் பார்க்க வந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று அதையெல்லாம் படம் பிடித்தது.

சாப்பாடு முடிந்ததும் திரும்பச் சிக்கல். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பட்டை இருந்தது. பெண் வீட்டாருக்கு இல்லை. சுவாமிநாதன் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பொண்ணு மட்டும் போகலாம்ங்க. கல்யாணம் ஆயிடுச்சு, இனி நாகூர்தானே ஊரு? வெளிமாநிலம். டூரிஸ்ட்."

சித்திக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க பக்கத்துல பொண்ணு போற வழக்கம் இல்லைங்க சார். மகளுக்குன்னு மாடியில வீடு கட்டியிருக்கோம். மாப்பிள்ளைதான் எங்க வீட்டுக்கு வர்றாரு."

சுவாமிநாதனின் முகம் மாறியது. "அப்படியா? நல்லவேளை சொன்னீங்க. கலைவாணன், மாப்பிள்ளை உள்ளூர்க்காரர் ஆயிட்டாரு. அவர் பட்டையைக் கழட்டு."

ஆபித் மணமாலையுடன் நின்றபடி பட்டையைக் கழற்றிக் கொடுத்தான். காஜா நஜ்முதீன் மருமகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், தன் கையில் இருந்த பட்டையைப் பார்த்தார். "சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க, எல்லை தாண்டணும்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

அவர் போன சற்றைக்கெல்லாம் புதுச்சேரியிலிருந்து ஒரு முக்கியப் பிரமுகர் மாளிகையைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. பிரமுகர் வரும்போது வளாகத்தில் பொதுமக்கள் ஒருவர்கூட இருக்கக் கூடாது என்பது வேறொரு உத்தரவு. காலையிலிருந்து மனு, மெயில், கண்ணீர் எதற்கும் திறக்காத வடக்கு வாசலை விரியத் திறந்து, லத்தீபையும் சித்திக்காவையும் மணமக்களையும் காலித் தேக்சாவையும் ஒரே மூச்சில் தெருவுக்குத் தள்ளினார்கள். யார் எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. தெருவில் வந்து விழுந்த லத்தீப், இவ்வளவு சுலபமா என்று கேட்டார். "உத்தரவு இருந்தா எல்லாம் சுலபம்தாங்க" என்று சொல்லிக் கலைவாணன் கதவைச் சாத்தினார்.

டூரிஸ்ட் பொதுமக்களில் சேர்த்தி இல்லை என்பதால் உள்ளேயே நின்ற வெள்ளைக்காரத் தம்பதி பிரமுகருக்குப் படங்களைக் காட்டியது. கூடத்தில் இன்னும் பூவாசமும் நெய்வாசமும் இருந்தன. இது சுற்றுலாப் பயணிகளுக்காக நாம் நடத்தும் பாரம்பரியத் திருமண நிகழ்ச்சி என்று சுவாமிநாதன் துணிந்து சொல்லிவிட்டார். பிரமுகர் மகிழ்ந்து, வாரந்தோறும் நடத்தும்படி ஆணையிட்டார். அடுத்த வாரமே லத்தீபுக்கு போன் வந்தது: "பாய், சனிக்கிழமை மறுபடியும் உங்க பொண்ணு நிக்காஹ். போன தடவை மாதிரியே அழுதா போதும்." லத்தீப் போனை வைத்துவிட்டார்.

அவர் மறுத்தால் என்ன? ஊரில் ஆள் இல்லாமலா போயிற்று? "சொந்த ஊர்க் கட்டடத்துக்குள்ள நம்மை அடைச்சு வைக்கிறானே, கேக்க ஆள் இல்லையா?" என்று அன்றுவரை டீக்கடையில் மேஜையைக் குத்திப் பேசியவர்களெல்லாம் இன்று துரை மாளிகையில் தேதி கேட்டு அலைகிறார்கள். மண்டபத்தில் கல்யாணம் செய்வது இப்போது கொஞ்சம் கௌரவக் குறைவு. அழைப்பிதழில் துரை மாளிகை என்று அச்சடித்திருந்தால்தான் சொந்தக்காரர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். வெளியே போகும் வழி பற்றிய கோப்பு புதுச்சேரியில் தீவிரப் பரிசீலனையில் இருப்பதால், ஒவ்வொரு கல்யாண வீட்டாரும் கடைசியில் வந்து நின்று வாசலைத் திறக்கவைக்க ஒரு பிரமுகரையும் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்.

என் மகள் பெனிட்டாவுக்குத் தவக்காலம் முடிந்ததும் திருமணம். பூசை மாதா கோயிலில், விருந்து துரை மாளிகையில். பெரிய இடத்துச் சிபாரிசு பிடித்து உள்ளே போக அனுமதி வாங்கிவிட்டேன். வெளியே வருவதைப் பற்றி உள்ளே போய் யோசித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.