நான்கு விரல் இடைவெளி

ஒரு கதவு ஒழுங்காகச் சாத்திக்கொண்டால் ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்று பொதுமக்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் தொலைக்காட்சி நிலையத்தில் அது நடந்தது. கதைப் பிரிவில் பதினெட்டு வருடமாகக் கோப்பு கட்டிக்கொண்டிருந்தவன் என்ற முறையில் அதை உள்ளது உள்ளபடி எழுதிவைக்கிறேன்.

எங்கள் நிலையத்தின் பெருமை, வியாழக்கிழமைதோறும் வரும் குடும்ப நகைச்சுவைத் தொடர். பதினான்கு வருடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு அத்தியாயம். மாமனார், மாமியார், மகன், மருமகள் என்று நாலு பேர், நாலு பேரும் நல்லவர்கள். நல்லவர்களை வைத்துக்கொண்டு கதை பண்ணுவது பெரும்பாடு. அந்தப் பாட்டையெல்லாம் தாங்கி நின்றது அரங்கத்தில் இருந்த ஒரு கதவு.

கூடத்துக்கும் மாமனார் அறைக்கும் நடுவில் இருந்த அந்தக் கதவு முழுசாகச் சாத்தாது. எப்போதும் நான்கு விரல் அளவு திறந்தே இருக்கும். அந்த இடைவெளி வழியாக யாராவது பாதிப் பேச்சைக் கேட்டுவிடுவார்கள். "அவளை இனிமே இந்த வீட்ல வச்சிருக்க முடியாது" என்பார் மாமனார். வெளியே மருமகள் பெட்டி கட்டுவாள். இருபது நிமிடம் கழித்து, அவர் சொன்னது பெண் பூனையை என்று தெரியவரும். "டாக்டர் கைவிரிச்சுட்டார்" என்பார் மாமியார். மகன் தூணைக் கட்டிக்கொண்டு அழுவான். கைவிரித்தது கால்நடை டாக்டர், நோய் பக்கத்து வீட்டு நாய்க்கு. கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுச் சிரிப்பார்கள். படம் அப்படியே நிற்கும்.

கதாசிரியர் ஓர் அத்தியாயத்தை நாற்பது நிமிடத்தில் எழுதுவார். அதில் பதினைந்து நிமிடம் டீக்குப் போகும்.

இந்த நிலையில்தான் புதுத் தச்சர் வந்தார். ஆஸ்பத்திரிகளுக்குக் கதவு செய்தவர். பன்னிரண்டு வருடம் அங்கே இங்கே என்று அலைந்தவருக்கு முதல்முறையாக ஒரு நிலையான வேலை கிடைக்க இருந்தது. தகுதிகாண் பருவம் முடிய இன்னும் மூன்றே வாரம். அதை நம்பி வீடு பார்த்து, மனைவியை வரச்சொல்லி எழுதியும்விட்டார். மற்றபடி அவரிடம் ஒரே ஒரு குறை உண்டு. சாத்தாத கதவைப் பார்த்தால் பல்லிடுக்கில் நார் மாட்டிக்கொண்ட மாதிரி தவிப்பார்.

ஒரு விடுமுறை நாளில் யாரும் கேட்காமலே வந்தார். கீல்களை மாற்றினார், அடிப்பக்கத்தை இழைத்தார், நிலையை நேராக்கினார். திங்கட்கிழமை முதல் அந்தக் கதவு கையை எடுத்தால் போதும், தானாக வந்து 'டப்' என்று சாத்திக்கொண்டது.

அன்று படப்பிடிப்பில் மருமகளாக நடிப்பவர் டீத் தட்டோடு கதவருகே வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"ஏம்மா, ஒட்டுக் கேளும்மா" என்றார் இயக்குநர்.

"என்னத்தைக் கேக்கறது சார்? கதவு சாத்தியிருக்கு."

"கொஞ்சம் திறந்து வச்சுக்கோ."

"திறந்தா மாமனார் என்னைப் பாத்துடுவாரு. பாத்தா 'வாம்மா'ம்பாரு. உள்ள போனா என்ன விஷயம்னு கேட்டுடுவேன். கேட்டா கதை முடிஞ்சிடுமே சார்?"

பதினான்கு வருடத்தில் அந்த அரங்கத்தில் பேசப்பட்ட முதல் தர்க்கரீதியான வசனம் அதுதான். இயக்குநர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கீலைக் கழற்றினால் தீர்ந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். உடைமைப் பிரிவு ஒப்பவில்லை. பழுதான பொருளைச் சரிசெய்யப் படிவம் உண்டு. சரியான பொருளைப் பழுதாக்கப் படிவம் கிடையாது. படிவம் இல்லாமல் கீலைத் தொட்டால் அது நாசவேலை. ஆகவே தச்சருக்குக் குறிப்பாணை போயிற்று. நான்தான் தட்டச்சு செய்தேன். "மேற்படி கதவைத் தாங்கள் தன்னிச்சையாகச் சீர்செய்ததன் காரணமாக, 613ஆம் அத்தியாயத்தில் ஏற்பட்டிருக்க வேண்டிய மனக்கசப்பு ஏற்படாமல் போனமைக்கு, தங்களை ஏன் பணிநீக்கம் செய்யக்கூடாது என்பதற்கு விளக்கம் அளிக்கவும்."

விசாரணைக் குழுவில் நிர்வாக அதிகாரி அம்மாவும் இயக்குநரும் கதாசிரியரும் இருந்தார்கள். குறிப்பெடுக்க நான்.

"கதவு எதுக்குய்யா இருக்கு?" என்று ஆரம்பித்தார் நிர்வாக அதிகாரி.

"சாத்தறதுக்குங்க மேடம்."

"அது வீட்ல. கதையில?"

தச்சர் யோசித்தார். "ஏன் மேடம், அந்தப் பொண்ணு கதவைத் தட்டி நேரா கேட்டா என்ன?"

கதாசிரியர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சொன்னார்: "கேட்டா மூணு நிமிஷத்துல எல்லாம் தெரிஞ்சிடும். மிச்சம் பத்தொன்பது நிமிஷம் அந்தக் குடும்பம் என்ன பண்ணும்?"

"பேசிக்கிட்டிருக்கும்."

"எதைப் பத்தி?"

"புள்ளையோட வேலை எப்படிப் போவுது, அந்த மாதிரி ஏதாவது. அவரு என்ன வேலை பாக்கறாரு?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோப்பைப் புரட்டினேன். நாற்பதாம் அத்தியாயத்தில் மகன் வங்கியில் இருந்தான். இருநூறாவதில் விமானம் ஓட்டினான். முந்நூறுக்குப் பிறகு 'ஆபீசுக்குப் போறேன்' என்று மட்டும் சொல்லிவந்தான். கையோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவனுக்கு ஒரு தங்கை இருந்திருக்கிறாள். தொண்ணூறாம் அத்தியாயத்தில் தலை வாரிக்கொள்ள மாடிக்குப் போனவள் இன்னும் இறங்கவில்லை. அந்த வீட்டுக்கு மாடியும் கிடையாது, படிக்கட்டு சுவரில் முடிகிறது.

இதைச் சொன்னபோது குழு, பிரச்சினைக்குச் சம்பந்தமில்லாததைப் பேச வேண்டாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டது.

வியாழன் நெருங்கியது. வேறு வழியில்லாமல் கதாசிரியர் மென்று விழுங்கிக்கொண்டே எழுதினார். மருமகள் கதவைத் தட்டினாள். "என்ன மாமா, என்னைப் பத்தியா பேசறீங்க?" என்று கேட்டாள். "இல்லம்மா, பூனையைப் பத்தி" என்றார் அவர். மூன்று நிமிடம் ஆயிற்று. மிச்ச நேரத்துக்கு நடிகர்களையே பேசவிட்டார்கள். மாமனார் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு மகனிடம் கேட்டார்: "நீ என்னப்பா வேலை பாக்கறே? இத்தனை வருஷமா நான் கேட்டதே இல்லையே." மகன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். மாமியார், மாடிப்படியைப் பார்த்து, மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்குக் கண் கலங்கியது. கோப்பில் எழுத இடமில்லாததால் இங்கே சொல்கிறேன்.

ஒளிபரப்பான மறுநாளே கடிதங்கள் வந்து குவிந்தன. மூட்டை மூட்டையாக.

"யதார்த்தமே இல்லை. எந்த வீட்டில் நேராகக் கேட்கிறார்கள்?" என்று ஒருவர். "பதினான்கு வருடமாக எங்கள் குடும்பத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. இப்போது யாரோ அந்நியர் வீடு மாதிரி இருக்கிறது" என்று இன்னொருவர். ஒரு பெண்மணி எழுதியிருந்தார்: "நானும் என் மாமியாரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்ப்போம். இந்த வார அத்தியாயம் முடிந்ததும் அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயந்து எழுந்து போய்விட்டேன். தயவுசெய்து வீட்டுக்குள் இப்படிச் சங்கடத்தை உண்டாக்காதீர்கள்."

மக்கள் தீர்ப்புக்கு மேல் ஏது? 'நல்ல நிலையிலுள்ள பொருளைப் பழுதாக்கும் படிவம்' ஒரே நாளில் அச்சாகி வந்தது. தச்சர் தன் கையாலேயே கதவைக் கெடுத்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் இல்லை.

"நல்லா இருக்கிற கதவை எப்படிங்க சார் கெடுக்கறது?" என்று என்னிடம் வந்து நின்றார். அவர் மனைவி அதற்குள் சாமான்களோடு வந்து இறங்கியாயிற்று. நான் பேனாவை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் என் முகத்தை அவர் பார்க்கவில்லை, நானும்தான்.

அவசரத்தில் அச்சடித்ததால் படிவத்தில் 'எந்தக் கதவு' என்று ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தது. கட்டம் இல்லாததால் உத்தரவு எல்லாக் கதவுக்கும் பொருந்தும் என்று உடைமைப் பிரிவு விளக்கம் தந்தது. தச்சர் வேலை தெரிந்த மனிதர். நிலையத்தில் இருந்த நாற்பத்தோரு கதவையும் பிசகில்லாமல் நான்கு விரல் இடைவெளிக்குக் கெடுத்துக் கொடுத்தார். அன்றே நிரந்தர உத்தரவு வந்தது.

அடுத்த வாரம் கோப்போடு நிர்வாக அதிகாரி அறைக்குப் போனேன். இடைவெளி வழியாக அவர் குரல் கேட்டது: "பதினெட்டு வருஷம் உழைச்சது போதும். இப்பல்லாம் சத்தம்தான் வருது, வேலை நடக்கல. இந்த மாசத்தோட அனுப்பிடலாம்."

கதவைத் தட்டவில்லை. அப்படியே திரும்பி வந்தேன். அவர்களாக அனுப்பி அவமானப்படுவதை விட நாமே போய்விடலாம் என்று, அன்று சாயங்காலமே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். மறுப்பே சொல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். மறுப்பே சொல்லாததால் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

பிரிவு உபசார விழாவன்று ஓரமாக ஒரு பழைய நகலெடுக்கும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் வாங்கியது. "இதை அனுப்பிடணும்னு போன மாசமே சொன்னேன்" என்றார் நிர்வாக அதிகாரி. "நீங்க ஏன் சார் திடீர்னு போறீங்க? என் மேல ஏதோ கோபம்னு கேள்விப்பட்டேன், அதான் நானும் ஒண்ணும் கேக்கல."

படம் எடுக்க எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். என் பக்கத்தில் தச்சர் நின்றார். அன்று இடைவெளி வழியாகக் கேட்டதை அவர் காதோடு சொன்னேன்.

"உள்ள போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்? கதவு திறந்துதானே இருந்துச்சு" என்றார் மெதுவாக.

"அதெப்படிய்யா கேக்கறது?" என்றேன்.

தோளில் கைபோட்டுக்கொண்டு எல்லோரும் சிரித்தோம்.