கசியும் காருக்குக் கற்பூரம்

உயிரே போனாலும் ரத்னாவிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். அப்படி முடிவு செய்த நேரத்தில் உயிர் போகவும் வாய்ப்பு இருந்தது.

ரத்னா என் மனைவி. விஷயம், கார். நாற்பத்தேழு வயதில் கோவளத்து ஜான்சன் என்பவரிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். சிவப்பு. இரண்டே சீட்டு. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். அடுத்தவன் ஓட்டிக் கழித்த வண்டி, கோளாறு ஏதாவது இருக்கும், நன்றாக விசாரியுங்கள் என்று ரத்னா சொல்லித்தான் அனுப்பினாள். விசாரித்தேன். ஜான்சனும் மறைக்கவில்லை. இந்த மாடலுக்கே உள்ள சீக்கு ஒன்று உண்டு, இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் ரப்பர் குழாய் நாளாக ஆக வெடித்துக் கசியும், இதிலும் லேசாகக் கசிகிறது, முதல் வேலையாக மாற்றிவிடுங்கள் என்றார். காது கேட்டது. கண் சிவப்பிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து, ஒரு குறையும் இல்லாத வண்டி என்று ரத்னாவிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

இதில் இன்னொரு சங்கடம். எனக்கு வேலை கல்பாக்கம் அணுமின் நிலையத்தில், பாதுகாப்புப் பிரிவில். நாங்கள் குடியிருக்கும் அணுபுரத்தில் யார் வீட்டு கேஸ் டியூப் பழசாக இருந்தாலும் வாசலில் நின்று அரை மணி நேரம் வகுப்பு எடுப்பவன் நான். அந்த அருணகிரி வீட்டு வாசலில் பெட்ரோல் சொட்டுகிறது என்று தெரிந்தால் ஊர் சும்மா விடுமா?

குழாய் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று நானே முடிவு கட்டி ஆர்டர் போட்டேன். மூன்று வாரம் ஆகும் என்றார்கள். காருக்கு அடியில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். காலையில் கண் விழித்ததும் தட்டு தரிசனம். ஒரு நாள் நான்கு சொட்டு, ஒரு நாள் ஒன்பது. தெருவில் யாராவது பீடி பற்றவைத்தால் எனக்கு வியர்க்கும். வீட்டில் கொசுவத்திக்குத் தடை போட்டேன். ரத்னா தோசை சுட்டால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.

“இன்னாங்க, பெட்ரோல் வாடை வருது?”

“ஸ்போர்ட்ஸ் காருக்கு அதான் சென்ட்டு.”

“வாங்கின வண்டிய ஓட்டவே மாட்றீங்க?”

“ரோடு சரியில்ல.”

“ஈ.சி.ஆர். ரோடா சரியில்ல?”

நான் பேப்பரை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

புதன்கிழமை தட்டு காய்ந்து கிடந்தது. வியாழனும் அப்படியே. வேறு ஆளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். நான் தட்டைத் தடவி முகர்ந்து பார்த்தேன். தட்டில் விழாத சொட்டு வேறெங்கே விழுகிறது? உள்ளேயே எங்காவது தேங்குகிறதா? பானெட்டைத் திறந்து பார்க்கவும் தைரியம் இல்லை.

அன்று சாயங்காலம் ரத்னா குண்டைப் போட்டாள். புது வண்டிக்கு இன்னும் பூஜை போடவில்லையாம். மறுநாள் காலை பிள்ளையார் கோயிலில் சொல்லி வைத்தாயிற்று. மாலை, எலுமிச்சம்பழம், பூசணிக்காய், கற்பூரம் எல்லாம் வாங்கியாயிற்று. மற்றதெல்லாம் எனக்குச் சம்மதம். கற்பூரம்தான் இடித்தது. இப்போதெல்லாம் பேட்டரி விளக்கே காட்டுகிறார்களாமே என்று மெல்ல ஆரம்பித்தேன். சாமி முகத்தில் டார்ச் அடிக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

காலையில் நான் ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்தேன். பூஜை முடியும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. ரத்னா மறுபேச்சில்லாமல் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டாள். நானும் பக்கத்து வீட்டு தேசப்பனும் பின்னாலிருந்து தள்ளினோம்.

“அண்ணாத்த, இது இன்னா ஸ்பீடு போவும்?” என்று மூச்சு வாங்கக் கேட்டான் தேசப்பன்.

“இருநூறு.”

ஒரு நாய் எங்களைத் தாண்டி நடந்து போனது.

கோயில் வாசலில் குருக்கள் பானெட்டுக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டார். பால் வாங்க வந்தவர்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ரத்னா தட்டில் கற்பூரத்தை வைத்தாள். தீப்பெட்டியை என் கையில் திணித்தாள்.

“வூட்டுக்குப் பெரியவரு. நீங்களே ஏத்துங்க.”

குச்சியை எடுத்தேன். குச்சி விழுந்தது. இன்னொன்று எடுத்தேன். அதுவும் விழுந்தது. ரத்னா தட்டோடு பானெட்டை ஒட்டியே நின்றாள். கடல் காற்றில் அவள் முந்தானை பறந்து பறந்து அந்தச் சிவப்புத் தகரத்தின்மேல் பட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு என் மானம், மரியாதை, பாதுகாப்புப் பிரிவு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

“தள்ளிப் போ ரத்னா. வண்டி கசியுது.”

ரகசியம் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு ‘கசி’ இருக்கிறது. ஆரம்பித்தால் நிற்காது. ஜான்சன் சொன்னதைச் சொன்னேன். தட்டைச் சொன்னேன். ஆர்டரைச் சொன்னேன். அவள் நின்ற இடத்தைவிட்டு நகராமல் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை தாங்காமல், மே மாதம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி அவள் அம்மா வீட்டுப் பயணத்தை நிறுத்தியதையும், லீவு கிடைத்து, தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய்ப் பத்து நாள் மாமல்லபுரம் கடற்கரையில் படுத்துக் கிடந்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

ரத்னா என் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கிக் குச்சியைக் கிழித்தாள். நான் மூன்றடி பின்னால் பாய்ந்து தேசப்பன் மேல் விழுந்தேன். கற்பூரம் எரிந்தது. வேறு எதுவும் எரியவில்லை.

அப்புறம்தான் சொன்னாள். சமையலறைத் தட்டு காருக்கு அடியில் கிடந்த அன்றே அவளுக்குச் சந்தேகமாம். ஜான்சனுக்குப் போன் போட்டு முழு விவரமும் வாங்கிவிட்டாளாம். செவ்வாய்க்கிழமை நான் காலை ஷிப்டில் இருந்தபோது, மெக்கானிக் ஆபிரகாம் செங்கல்பட்டுக் கடையிலேயே குழாய் வாங்கிவந்து, அரை மணியில் மாற்றி, சொட்டு இல்லை என்று ஓடவிட்டுக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். கட்டியவன் வாயால் வரட்டும் என்றுதான் இந்தப் பூஜையாம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பயம் போன சந்தோஷத்தில் கீழே உட்கார்ந்தபடியே கேட்டேன்:

“அப்போ எல்லாம் தெரிஞ்சிகினுதான் இருந்தியா?”

ரத்னா கற்பூரத் தட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“பெட்ரோல் தெரியும். லீவு இப்பதான் தெரியும்.”