மாப்பிள்ளை தந்த லென்ஸில் ஓரம் கறுக்கிறது

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். சண்டையும் வழக்கமான அளவில் நடந்துவருகிறது. அங்கே நீங்களும் என் மகளும், போனில் மட்டுமே நான் பார்த்திருக்கும் என் எட்டு மாதப் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் அன்றாட நினைப்பு. 'விடுமுறைக் கிடைத்ததும் குழந்தையைக் கூட்டி வருகிறோம், அநேகமாக அடுத்த வருடம்' என்று நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. சந்தோஷம். ஆனால் 'விடுமுறை'க்குப் பின்னால் அந்த 'க்' வராது மாப்பிள்ளை. முப்பத்திரண்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்திய கண் பாருங்கள், சட்டென்று பட்டுவிட்டது. தப்பாக நினைக்க வேண்டாம். என் கண்ணைப் பற்றி இந்த வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வரவே வாய் கூசுகிறது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அதிலும் மாப்பிள்ளை தந்த மாடு என்றால், அது முட்டினாலும் 'ஆஹா, என்ன அழகாக முட்டுகிறது' என்றுதான் மாமனார் சொல்ல வேண்டும். ஆனாலும் எத்தனை நாள் மென்று முழுங்குவது? என் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு நீங்கள் ஆசை ஆசையாக வாங்கி அனுப்பினீர்களே, அந்த அகல லென்ஸ், அதில் ஓரம் கறுக்கிறது. நடுவில் பளிச்சென்று இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓரத்துக்குப் போகப் போகப் புகை படிந்த மாதிரி மங்குகிறது. மூலைகளில் ஒன்றுமே இல்லை. இடது பக்கம் ரொம்ப மோசம். குழாய் வழியாக ஊரைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. கடையில் சொல்லி மாற்றித் தருவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமைப் படக்காரன்தான், மறுக்கவில்லை. தெருக்குழாய், குடை தைப்பவர், மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் தலைகீழாக நிற்கும் மின்கம்பம், இதெல்லாம்தான் நான் எடுப்பது. 'இதையெல்லாம் யாருங்க பாப்பாங்க?' என்று உங்கள் அத்தை கேட்பாள். 'நான் பாப்பேன்' என்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் படக்காரனுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. நான்கு மூலைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவேன். அச்சகத்தில் பழகிய புத்தி, பிழை எப்போதும் ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும். அப்படிப்பட்டவன் படத்தில் இந்த ஆறு மாதமாக அழைக்காத விருந்தாளிகள் வந்து உட்காருகிறார்கள் மாப்பிள்ளை. எதிர் மாடியில் காயும் வெள்ளைப் போர்வைகளை எடுத்தேன், பிரிண்ட் போட்டுப் பார்த்தால் இடது ஓரத்தில் ஒருவர் காலைத் தூக்கி வைத்து நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார். படிக்கட்டில் விழுந்த நிழலை எடுத்தேன், அங்கே ஒரு துடைப்பமும் பாதி ஆளும். பழைய அச்சகத்தில் மேலாளர் ஓய்வு பெற்ற நாளன்று எல்லாரையும் நிற்க வைத்து எடுத்தேன். இடது ஓரமாக நின்ற, மாலை போட்ட மேலாளரைத் தவிர எல்லாரும் படத்தில் இருக்கிறார்கள். அவர் தோளில் கிடந்த மாலை மட்டும் கொஞ்சம் விழுந்திருக்கிறது. 'ரிட்டயர் ஆனதும் ஆள அடையாளம் தெரியாமப் போயிடும்னு சொல்வாங்க, இவ்வளவு சீக்கிரமாவா?' என்று அவர் கேட்டார். நான் லென்ஸைக் காட்டினேன். 'மாப்பிள்ளை வாங்கித் தந்தது சார்' என்று மட்டும் சொன்னேன், உங்களைக் குறையாக ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்கள் லென்ஸ் ஒன்றோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். பரவிவிட்டது. லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஈரம் பட்டால் வரும், பக்கத்தில் வைத்த லென்ஸுக்கும் ஒட்டும் என்று படக்காரர்கள் எல்லாரும் பயப்படுவார்கள். முதல் சம்பளத்தில் வாங்கிய பிலிம் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தேன், அதிலும் ஓரம் கறுப்பு. ஓய்வு பெறும்போது அச்சகத்தார் சேர்ந்து வாங்கித் தந்த கேமரா, தூரத்தில் இருக்கும் காக்காயின் மூக்கைக்கூட இழுத்துக் காட்டுமே, அந்த நீள லென்ஸ், அதிலும் கறுப்பு. சட்டைப்பை கேமராவிலும் கறுப்பு. கடைசியில் செல்போனுக்கும் வந்துவிட்டது. செல்போனுக்குப் பூஞ்சை வந்த முதல் ஆள் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். உங்கள் அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மூக்குக் கண்ணாடில இருக்கான்னு பாருங்க' என்றாள். பார்த்தேன், இருந்தது. 'அப்ப கழட்டிட்டுப் பாருங்க' என்றாள். கழற்றினேன். பூஞ்சை கண்ணாடிக்கு வெளியேயும் பரவியிருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, எதற்கு வீண் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கேமரா பழுது பார்ப்பவரிடம் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கிறாரே, மீசைக்காரர், அவர்தான். 'சார், இதோட நாலு தடவ கொண்டு வந்துட்டீங்க. லென்ஸ் கண்ணாடி மாதிரி இருக்கு' என்றார். 'லென்ஸ் கண்ணாடிதானய்யா, வேற எது மாதிரி இருக்கும்?' என்று நானும் விடவில்லை. அவர் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, 'சார், கோவிச்சுக்காதீங்க. ஒரு கண்ண மூடிக்கிட்டு நேரா என் மூக்கையே பாருங்க' என்றார். பார்த்தேன். 'இப்ப எத்தன விரல் காட்டறேன்?' என்றார். 'மொதல்ல கையக் காட்டுங்க, அப்புறம் விரல எண்ணலாம்' என்றேன். திரும்பிப் பார்த்தேன், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தார் மனுஷன். பிறகு லென்ஸை எல்லாம் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைத்துக் கொடுத்து, 'நான் கேமராதான் சார் ரிப்பேர் பண்ணுவேன்' என்றார். சின்னக் கடைதானே, வெளிச்சம் போதாது.

இதற்கு நடுவில் ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தில் ஒரு நாள் பேருந்துப் பயணம் கூட்டிப்போனார்கள், கடலோரத்தில் ஒரு பழைய கலங்கரை விளக்கம். அங்கே நான் அகல லென்ஸைக் கழற்றிவிட்டு நீள லென்ஸை மாட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் உங்கள் அத்தையைக் காணோம். பாறை வழுக்கல், கீழே அலை. அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முப்பத்தேழு வருடத்தில் நாலு பேருக்கு முன்னால் அவள் பேரைச் சொன்னதில்லை, அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தினேன். பேருந்தில் வந்தவர்கள் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். சங்கத் தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கப் போனார். அப்போது என் இடது முழங்கைப் பக்கத்திலிருந்து, 'என்னங்க, இங்கதான நிக்கறேன். எதுக்கு ஊரக் கூட்டறீங்க?' என்று சத்தம் வந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரம். நான் கழற்றிக் கொடுத்த லென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அங்கேயேதான் நின்றிருக்கிறாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது ஜன்னல் ஓர இடத்தை எனக்குக் கொடுக்காமல் அவளே உட்கார்ந்து, என் இடது கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாளே கண் டாக்டர். அவள் வாயை அடைக்கத்தான் போனேன். டாக்டர் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் தலையை விடச் சொல்லி, தாடையைத் தாங்கியில் வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, 'வெளிச்சப் புள்ளி தெரியறப்ப எல்லாம் அழுத்துங்க அப்பா' என்றார். பொத்தான் அழுத்துவது எனக்குப் புதிதா? நாற்பது வருடமாக அதைத்தானே செய்கிறேன். ஆனால் அந்த இயந்திரத்தில் புள்ளியே வரவில்லை. எப்போதாவது நடுவில் ஒன்று வரும், அழுத்துவேன், பிறகு வெகு நேரம் சும்மா இருக்கும். பாவம், பழைய இயந்திரம் போல என்று நினைத்து, அவர் மனம் நோகக் கூடாதே என்று சும்மாவே நாலைந்து தடவை அழுத்தினேன். 'புள்ளி வந்தா மட்டும் அழுத்துங்க அப்பா' என்றார். கடைசியில் ஒரு தாள் வந்தது. சுற்றிலும் கறுப்பு, நடுவில் மட்டும் ஒரு துண்டு வெள்ளை. நான் சொன்னேன், 'பாத்தீங்களாம்மா, உங்க மெஷின்லயும் ஓரம் கறுக்குது. பூஞ்சைதான்.' அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். நான் கேமராப் பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்ததால் சரியாகக் கேட்கவில்லை. வெளியே வந்து படி இறங்கும்போது உங்கள் அத்தை, 'ஆறு மாசமா தலதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா? கண் கெட்ட பெறகு…' என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். எந்தப் பழமொழியையும் பாதியில் விட்ட ஆள் இல்லை அவள், உங்களுக்கே தெரியும்.

இவ்வளவுதான் விஷயம். லென்ஸை மட்டும் எப்படியாவது மாற்றித் தரப் பாருங்கள். நல்ல லென்ஸாக ஒன்று வந்துவிட்டால் இந்த வீட்டில் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். நீங்கள் வருவதற்கு அவசரம் ஒன்றும் இல்லை. வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், செலவையும் யோசியுங்கள். பேத்தி ஓடியாடும் வயதில் வந்தால்தான் எனக்கும் படம் எடுக்க வசதி. அதுவரை அவள் படங்களை அனுப்பிக்கொண்டிருங்கள், கொஞ்சம் பெரிதாக. என் மகள் கேட்டால் அப்பாவுக்கு லென்ஸ் தகராறு என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் மூவருக்கும் தலை வலி, கால் வலி என்று ஒன்றும் அண்டாமல், நினைத்ததெல்லாம் நினைத்த நேரத்தில் கைகூட வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: உறையில் போடுவதற்கு முன்னால் இதை உங்கள் அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். நான் எழுதியதை இன்னொருவர் பிழை பார்ப்பது இதுதான் முதல் தடவை. நாலு வரி படித்துவிட்டு, 'என்னங்க, இந்த வரியோட மொத ரெண்டு வார்த்தையக் காணோமே' என்றாள். தேடினால், மேசைமேல் இருக்கிறது. இரண்டாம் பக்கம் முழுவதும் அப்படித்தானாம். தாளின் இடது ஓரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் மரத்தில் ஆரம்பித்துத் தாளுக்கு வந்திருக்கிறேன். 'மேசையையும் சேத்து அனுப்பப் போறீங்களா?' என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். பிறகு மேசையில் இருந்த வார்த்தைகளை எல்லாம் பார்த்துப் பார்த்து அவளே தாளின் ஓரத்தில் எழுதிச் சேர்த்தாள். கையெழுத்து இரண்டு விதமாக இருப்பது அதனால்தான்.

மேலே எழுதியதை நம்ப வேண்டாம் மாப்பிள்ளை. உங்கள் லென்ஸில் ஒரு தூசி கிடையாது, தங்கமான லென்ஸ். டாக்டர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. கண்ணுக்குள் அழுத்தமாம். ஓரத்திலிருந்து உள்ளே வருமாம். போனது போனதுதான், திரும்ப வராது. மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுப் பிடித்து வைக்கப் பார்க்கலாமாம். 'எத்தன நாளைக்கும்மா?' என்று கேட்டேன். 'உங்களுக்கு முத்திப்போச்சு அப்பா, வருஷம்னும் சொல்ல முடியாது, மாசம்னும் சொல்ல முடியாது' என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தை உங்கள் அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை, ஆனால் இந்தப் பக்கத்தையும் அவள்தான் படிக்கப் போகிறாள்.

அவசரம் இல்லை என்று எழுதியது பொய். அவசரம்தான். விடுமுறை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், 'க்' போட்டாலும் போடாவிட்டாலும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கேமரா எதுவும் வேண்டாம். எனக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் அவளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு துண்டு இன்னும் பளிச்சென்று இருக்கிறது. குழந்தை முகம் சின்னதுதானே, அதற்குள் முழுசாக அடங்கிவிடும்.