முன்சக்கரத்தைத் தூக்கிய கதை

கல்யாணமாகாத ஆணின் கையில் புது சைக்கிள் கிடைத்தால், வயது முப்பத்திரண்டாக இருந்தாலும் மனம் பதினாலுக்குத் திரும்பிவிடும். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கொழும்பே சைக்கிளில் ஏறிய காலம். நானும் ஒரு மௌண்டன் பைக் வாங்கினேன். வேலைக்குப் போய்வர என்று வீட்டில் சொன்னாலும் என் ஆசை வேறு. முன்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிப் பின்சக்கரத்தில் மட்டும் ஓட வேண்டும். வீலி.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை கடலில் போய் முடியும். அங்கேதான் யூடியூப் பார்த்துப் பயிற்சி. கியரைக் குறை, பெடலை மிதி, ஹாண்டிலை இழு, பின்னால் சாய்ந்தால் பின் பிரேக்கைப் பிடி. பிரேக்கைத் தவிர எல்லாம் ஞாபகம் இருந்தது. விழுந்து விழுந்து உட்கார முடியாமல், வங்கியில் நின்றபடியே வேலை செய்தேன். பிறகு முதுகுக்குக் கீழே தலையணை கட்டிக்கொண்டேன். (இளநீர்க்காரர் "மல்லி, பிஸ்ஸுத?" என்றார். தம்பி, பைத்தியமா என்று சிங்களத்தில் அக்கறையாகத்தான் விசாரித்தார்.)

ஒருநாள், ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்வரை விழாமல் போனேன். அந்த வாரமே கொட்டாஞ்சேனையில் பெண் பார்க்கும் நாள்.

அம்மா முன்னதாகவே பஸ்ஸில் போய்விட்டார். நான் அயர்ன் பண்ணிய சட்டையோடு சைக்கிளில். (தலையணை இல்லை.) தெருமுனை திரும்பியதும் மாடி பல்கனியில் பெண், ஷெரின், நிற்பதைக் கண்டேன். அம்மா காட்டிய போட்டோவைவிட அழகு. கை தானாக ஹாண்டிலை இழுத்தது.

முன்சக்கரம் எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. அடுத்த கணம் நான் தார் ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். சைக்கிள் மட்டும் என்னைவிட நிதானமாக, திறந்திருந்த கேட்டுக்குள் நுழைந்து அவர்கள் வீட்டு ஹோலுக்கே போய்விட்டது. உள்ளே பீங்கான் உடையும் சத்தம். "யேசுவே" என்று அம்மாவின் குரல்.

பெண்ணின் அப்பா வெளியே வந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சட்டையெல்லாம் கட்லட்.

"தம்பி, உங்கட சைக்கிள் வந்து சேர்ந்திட்டுது. நீங்கள் வரேல்லையா?"

"வாறன் அங்கிள்" என்றேன். ஆனால் எழும்பவில்லை. காற்சட்டை பின்பக்கம் முழுதாகக் கிழிந்திருந்தது.

அவர் கொண்டுவந்து தந்த சாரத்தை ரோட்டிலேயே சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். அம்மா என்னை யாரென்றே தெரியாதவர்போல மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்கள். முடிந்தால்தானே. ஷெரின் தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"அதில பிரேக் இல்லையா?"

"இருக்கு. எனக்குத்தான் ஞாபகம் இல்ல."

அதுவரை அடக்கி வைத்திருந்தவள் சிரித்ததில் தேத்தண்ணீர் முழுவதும் சாரத்தில் கொட்டியது. மறுநாள் காலை அவர்கள் வீட்டிலிருந்து சம்மதம் வந்தபோது, "நல்லா யோசிச்சியளா?" என்று அம்மாதான் திருப்பிக் கேட்டார்.

இப்போதும் யாராவது எங்களிடம், "லவ் மேரேஜா, வீட்டில பேசின ப்ரொபோசலா?" என்று கேட்டால் நான் வாய் திறக்குமுன் ஷெரின் சொல்லிவிடுவாள்.

"ப்ரொபோசல்தான். பொம்பிளை பாக்க சைக்கிள்தான் வந்தது. இவர் பிறகு வந்தவர்."