தனியாக நகராத துகளும் துர்கா அத்தையும்

படாளம்

அன்புள்ள ராஜாராம் மாமாவுக்கு சங்கரி எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். துர்கா அத்தை மிக மிக நலம். அதனால்தான் இந்தக் கடிதம்.

மகாபலிபுரத்தில் ஓர் ஓட்டலில் நடந்த இயற்பியல் மாநாட்டில் என் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசப் போனேன். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்பக் கூடாதென்று அப்பா தன் அக்காவையும் கூடவே பஸ் ஏற்றிவிட்டார். செங்கல்பட்டில் பஸ் மாறியதும் அத்தை, "இன்னாத்தடி பேசப் போற?" என்றார். கட்டம் கட்டமாக அடுக்கிய அணுக்கள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், அந்தக் கூட்டத்தின் அசைவே ஒரு துகள் மாதிரி வேஷம் போடும், அதில் ஃப்ராக்டான் என்று ஒரு வகை, தனியாக இருந்தால் இம்மியும் நகராது, ஜோடி சேர்ந்தால்தான் நகரும் என்று சொல்லித் தொலைத்தேன். திருக்கழுக்குன்றம் வரை அத்தை, "ஜோடி சேந்தாத்தான் நவுரும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

மாநாட்டு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதல் வரிசைக்குப் போன அத்தை, அங்கே உட்கார்ந்திருந்த ஜெர்மன் பேராசிரியரிடம் "நைனா, கொஞ்சம் தள்ளிக்கோ" என்றார், அவரும் தள்ளிக்கொண்டார், அவர்தான் என்னை மூன்று மாதம் தன் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டிருப்பவர், அதற்குள் நான் வரைந்த ஃப்ராக்டான் படம் திரையில் வந்துவிட்டது, ஒற்றைப் புள்ளிக்குச் சிவப்புப் பெருக்கல் குறி, இரட்டைப் புள்ளிக்குப் பச்சை அம்பு, உடனே அத்தை எழுந்து, "அதத்தான் நானும் வூட்ல கத்திகினு கீறேன்! தனியா போவாதடின்னா கேக்குறாளா?" என்றார். யாரோ அதை இங்கிலீஷில் சொல்ல, அரங்கமே சிரித்தது. ஜெர்மன்காரர் எழுந்து அத்தைக்குக் கைகொடுத்தார்.

வூட்டுக்கு வந்ததும் அத்தை அப்பாகிட்ட ஒரே போடு. "உம் பொண்ணே படம் போட்டுக் காட்டிட்டா!" அரை மனசா ஜெர்மனிக்குச் சரின்னுகினு இருந்த அப்பா, "அணுவுக்கே தொணை வேணும்னா, நீ இன்னாத்துக்குத் தனியா?"ன்னு கேக்குறாரு. நான் அணு இல்ல மாமா, நம்ம குடும்பத்துல மொத டிகிரி வாங்குன பொண்ணு. நீங்க சொன்னாத்தான் அப்பா கேப்பாரு. ஞாயித்துக்கிழமை வந்து, சங்கரி தனியாவே சமாளிப்பான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. திங்கக்கிழமை நான் ஜெர்மன்காரருக்குப் பதில் அனுப்பணும்.

செய்யூரில் பெரியவர்களுக்கு என் வணக்கம், வாண்டுகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உங்களை மட்டுமே நம்பியிருக்கும் மருமகள்,
சங்கரி

பி.கு.: ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். அந்தப் படம் திரையில் வந்தபோது நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. மைக்கைப் பிடித்தபடி நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றேன். அத்தை கத்தி, எல்லோரும் சிரித்த பிறகுதான் எனக்குக் குரலே வந்தது. அப்புறம் நேரம் முடிந்துவிட்டதென்று மணி அடித்துத்தான் என்னை நிறுத்தினார்கள். அதனால் மாமா, ஞாயிற்றுக்கிழமை வரும்போது, பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள். எனக்கு இருக்கிறது. அத்தைக்கு.