அட்டவணை மூன்றின் கடைசி நண்டு

"உங்களிட்ட ஒண்டு கேக்கணும்."

"கேளுங்க."

"இப்ப வேணாம். நம்மட பேப்பர் போகட்டும். மறுகா கேக்கிறன்."

போன வருடம் வாவியின் நடுவே, தோணியில் குந்தியிருந்து ஜெயரூபன் இதைச் சொன்னபோது அவன் கையில் ஒரு பெண் நண்டு இருந்தது. அதன் அடிவயிற்று முட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னானே தவிர, எதிரே இருந்த ஆர்த்திகாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

அவன் என்ன கேட்கப்போகிறான் என்பதில் ஆர்த்திகாவுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. முதல் பெயர்! ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு எத்தனை பேர் சேறு மிதித்தாலும், உலகம் ஞாபகம் வைத்திருப்பது முன்னால் நிற்கும் பெயரைத்தான். வாவி நண்டுகளைப் பற்றிய இந்தக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எழுதியவள் அவள். ஜெயரூபன் அளந்தான், எண்ணினான், அட்டவணை போட்டான். நல்லவன்தான். ஆனாலும் முதல் பெயரைக் கொடுக்க முடியாது. கட்டுரை அவள் பெயரில் போனால்தான், பல்கலைக்கழகத்தில் 'தற்காலிக விரிவுரையாளர்' என்ற பட்டத்தின் முன்பாதி கழலும்.

அவன் வேறு ஏதாவது கேட்கக்கூடாதா என்று அவளுக்கு ஒருமுறை தோன்றியதுண்டு. அந்த நினைப்பை நண்டுப் போத்தலைப்போல இறுக மூடி அலுமாரியில் வைத்துவிட்டாள்.

இரண்டு கிழமைக்கு முன் அட்டவணை மூன்றை அவன் மின்னஞ்சலில் அனுப்பினான். நண்டுகளின் மட்டக்களப்புப் பெயர்கள். விளையாட்டுக் கழகத்து நோட்டீஸ் எல்லாம் அடித்துப் பழகிய கை; வழக்கம்போலப் பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருந்தான். அந்த எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். ஆர்த்திகாவின் கணினியில் சேற்று நண்டு 'Nrw;W ez;L' என்று வந்து நின்றது. பெயர்களெல்லாம் தெரிந்தவைதானே என்று அவள் ஒன்றையும் வாசிக்கவில்லை.

மறுநாள் அவன் வந்து கதவோரம் நின்றான்.

"அட்டவணை மூண்டைப் பாத்தீங்களா?"

"பாத்தன். நல்லா இருக்கு."

"கடைசி வரிசை... அதையும் பாத்தீங்களா?"

"எல்லாம் பாத்தன். எனக்குப் பூரண சம்மதம். ஒரு எழுத்தும் மாத்தாதீங்க."

அவன் காது இரண்டும் சிவந்தன. "அப்ப வீட்டில சொல்லவா?" என்றான்.

"சொல்லுங்க. ஊருக்கே சொல்லுங்க. நல்ல விசயம்தானே?"

வெளியே போகிற அவசரத்தில் அவன் கதவு என்று நினைத்து அலுமாரியைத் திறந்தான். அட்டவணைக்கு ஒரு பாராட்டு, அதற்கே இப்படியா என்று ஆர்த்திகாவுக்குச் சிரிப்பு வந்தது.

இன்று கடைசி நாள். மாலையோடு சிறப்பிதழுக்கான வாசல் மூடிவிடும். கல்லடி வீட்டில் சாப்பாட்டு மேசையை ஒதுக்கி, கட்டுரையைப் பதிப்பகத்தின் இணையத்தளத்தில் ஏற்றினாள். உடனே சிவப்பில் பதில் வந்தது. அட்டவணை மூன்றில் விளங்காத குறிகள் இருக்கின்றன, திருத்தி அனுப்பவும்.

"பூ, இவ்வளவுதானா!" என்றாள். சிறப்பிதழே உள்ளூர்ப் பெயர்களைப் பற்றியது. தமிழ் இல்லாமல் அனுப்ப முடியாது. பாமினியை இணையத்திலிருந்து இறக்கினாள். கட்டுரை முழுவதையும் ஒரே பிடியாகப் பிடித்து எழுத்துருவை மாற்றினாள். சேமித்தும் விட்டாள்.

அட்டவணை தமிழானது உண்மை. ஆனால் மிச்சமிருந்த ஆங்கிலம் எல்லாமும் தமிழாகிவிட்டது. முதல் பக்கத்தைப் பார்த்த அதிர்ச்சியில் அட்டவணைவரை அவள் போகவே இல்லை.

தேத்தண்ணியோடு வந்த அம்மா ஆச்சிப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"உசயடி எண்டு கிடக்கு. ஆரடி புள்ள அந்த உசயடி?"

"அது நண்டம்மா. இங்கிலீசு நண்டு."

"வாந உசயடி, வாந உசயடி எண்டு பக்கம் பக்கமா எழுதியிருக்கே! பேய் ஓட்டவா போறாய்?"

ஆர்த்திகா ஜெயரூபனை அழைக்கத் தொலைபேசியோடு முற்றத்துக்கு ஓடினாள். அவன் எடுக்கவில்லை, தோணியில் நிற்பான். திரும்பி வந்தபோது அம்மா கட்டுரையின் கடைசிப் பக்கங்களில் இருந்தாள். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"இது எவ்வளவு காலமா நடக்குது?"

"ரெண்டு வருசமா, அம்மா."

"ரெண்டு வருசமா! பெத்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லல்ல."

"சொன்னா உங்களுக்கு விளங்குமா?"

"ஏன் விளங்காது? நான் அதெல்லாம் தாண்டித்தானே வந்தனான்! அந்தத் தன்னாமுனைப் பொடியன் ஜெயரூபன்தானே? வீடு வளவு இருக்கா?"

"நண்டு எண்ணுறவருக்கு வீடு வளவு என்னத்துக்கம்மா? தள்ளுங்க, நேரம் போகுது!"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். சற்று நேரத்தில் பலகாரத்துக்குப் பயறு வறுக்கிற வாசம் வந்தது.

ஆர்த்திகா மறுபடி முழுவதையும் பிடித்து ஆங்கில எழுத்துருவுக்குக் கொண்டுவந்தாள். நண்டு மீண்டும் இங்கிலீசு நண்டானது. அட்டவணை மீண்டும் அரைப்புள்ளிக் காடானது. இந்த இழுபறியில் விஞ்ஞானப் பெயர்களின் சாய்வெழுத்தெல்லாம் நிமிர்ந்துவிட்டன. படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அவற்றை இறக்கப்போனபோது கணினி ஒரு பெருமூச்சு விட்டுக் கறுத்துப்போனது. நல்லவேளை, குழம்பின கோலத்திலாவது கட்டுரையின் பிரதி பென்டிரைவில் இருந்தது.

அப்போது தொலைபேசி அடித்தது. ஜெயரூபனின் அம்மா கண்ணகை.

"புள்ள, நீங்க ஓம் எண்டிட்டீங்களாம். பேப்பர் போற நாள் மட்டும் கதைக்க வேணாம் எண்டு மகன் சொல்லியிருந்தான். கேட்ட நேரத்தில இருந்து எங்களுக்குக் கால் நிலத்தில இல்ல."

பேப்பருக்காக ஒரு குடும்பமே இப்படிக் கிடக்கிறதே என்று ஆர்த்திகா நெகிழ்ந்தாள். ஆனாலும் கணக்கு கணக்காக இருக்கவேண்டும்.

"சந்தோசம் அன்டி. ஒரு விசயம் மட்டும். முன்னுக்கு என்ட பேர்தான் வரும்."

"அதுக்கென்ன கிளி? பொம்பிளைட பேர முதல்ல போட்டா என்ன, மாப்பிளைட பேர முதல்ல போட்டா என்ன! உங்கட விருப்பம்."

எவ்வளவு முற்போக்கான மனுசி! ஒரு வருடத்துப் பயம் ஒரு நொடியில் தீர்ந்தது. மகனைச் செங்கலடியில் அச்சகத்துக்கு உடனே வரச்சொல்லும்படி கேட்டுவிட்டு, ஆர்த்திகா ஸ்கூட்டியை முறுக்கினாள். பாலம் தாண்டி, பட்டணம் தாண்டி, ஏறாவூரும் தாண்டிச் செங்கலடிச் சந்தியில் போய்த்தான் கால் ஊன்றினாள்.

அச்சகத்தை நடத்துகிறவள் ஏறாவூர் ஸாதியா. கலியாணக் கார்டும் மரண அறிவித்தலும் ஒரே மேசையில் அடிப்பவள். இரண்டிலும் ஒரே சிரிப்பு.

"பாமினியில அடிச்சா அது உங்கட வீட்டுக்குள்ளதான் தமிழ், மிஸ். வெளியூர்க் கொம்பியூட்டருக்கு வெறும் குப்பை. புதுத் தமிழில திருப்பி அடிக்கணும்."

"நேரம் இல்லயே! நான் தட்டித் தட்டி அடிக்கிறதுக்குள்ள வாசலைப் பூட்டிருவாங்க."

"தட்டித் தட்டி அடிக்க நான் என்ன கோழியா? இரிங்க."

முதலில் படங்களை இறக்கினாள். சாய்வெழுத்துக்கு ஆர்த்திகா இடம் காட்டக் காட்டச் சாய்த்தாள். கட்டுரை பழைய உருவத்துக்கு வந்தது. அட்டவணை மூன்று மட்டும் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து ஜெயரூபன் வந்து இறங்கினான். புதுச் சேட்டு, படிய வாரிய தலை, கையில் ஒரு பெட்டி கேக்.

"என்னத்துக்கு அச்சகம்? அதுக்குள்ளயே கார்டா?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டான்.

"என்ன கார்ட்? அட்டவணை மூண்டு குப்பையாப் போச்சு. நீங்க பாமினியில அடிச்சதை நான் ஒருநாளும் தமிழா வாசிக்கவே இல்ல."

அவன் சிரிப்பு மெல்லக் கழன்றது.

"ஒருநாளும்?"

"ஒருநாளும்."

"அப்ப... நல்லா இருக்கு எண்டு சொன்னீங்களே?"

"வரிசை எல்லாம் நேரா இருந்திச்சு. அதைச் சொன்னன்."

ஜெயரூபன் கேக் பெட்டியை ஒரு மரண அறிவித்தல் கட்டின் மேல் வைத்துவிட்டு அங்கிருந்த கதிரையில் இருந்தான்.

"ஆர்த்திகா, கடைசி வரிசையை அழிச்சிடுங்க."

"ஏன்?"

"அது... அந்த நண்டு நிச்சயமில்ல."

"நிச்சயமில்லாத நண்டையா இவ்வளவு நாளும் வச்சிருந்தீங்க?"

"நிச்சயம் எண்டுதான் நினைச்சன். இண்டைக்குத்தான் தெரியுது."

"தரவை அழிக்க ஏலாது, ஜெயரூபன். விஞ்ஞானத்தில அது பெரிய பிழை. நமக்குப் பிடிக்கல்ல எண்டு ஒரு நண்டைத் தள்ளிவைக்கலாமா?"

"பிடிக்கல்ல எண்டு நான் சொன்னனா?" என்றான் அவன், நிலத்தைப் பார்த்து.

"பிறகென்ன? அக்கா, நீங்க அடிங்க. ஒரு எழுத்தும் மாத்தாம, வாய்விட்டு வாசிச்சு வாசிச்சு அடிங்க. நான் சரிபாக்கிறன்." பிறகு அவனைப் பார்த்துக் கனிவாகச் சொன்னாள்: "நீங்க கேக்க நினைச்சது எனக்குத் தெரியும். முதல் பேர்தானே? உங்கட அம்மாவோட கதைச்சு முடிச்சிட்டன். அவ சரி எண்டிட்டா."

ஜெயரூபன் கதிரைக்குள் இன்னும் கொஞ்சம் கூனினான்.

ஸாதியா திரையில் கண்ணை ஊன்றினாள். எழுத்துரு எதுவும் மாற்றவில்லை. ஆயுள் முழுக்க அந்தச் சாவிகளில் புழங்கிய விரல். அரைப்புள்ளிக் காட்டுக்குள் அவள் வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல நடந்தாள்.

"சேற்று நண்டு."

"சரி," என்றாள் ஆர்த்திகா.

"நீலக்கால் நண்டு."

"சரி."

"புள்ளி நண்டு. கல் நண்டு."

"சரி, சரி. இன்னும் ஒண்டுதான். அது முடிய அனுப்பிடலாம்."

கடைசி வரிசை 'ehk fypahzk; Kbg;gkh' என்று நின்றது. ஸாதியாவின் விரல் சாவிமேல் நின்றுவிட்டது. அவள் ஒருமுறை திரையைப் பார்த்தாள். கதிரையில் கூனிக்குறுகி இருந்தவனைப் பார்த்தாள். கேக் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கலியாணக் கார்டுக்கு மட்டும் எடுக்கிற குரலை எடுத்தாள்.

"ஒரு எழுத்தும் மாத்தாம வாசிக்கிறன் மிஸ், சரிதானா எண்டு நீங்களே சொல்லுங்க: 'நாம கலியாணம் முடிப்பமா?'"