தலைவர் தன் கருத்தை வாபஸ் வாங்குகிறார்

செம்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய ஷட்டகர் தினகரன் அவர்களுக்கு, வைத்தீஸ்வரன் பணிவுடன் எழுதிக்கொண்டது. நாசிக்கில் தாங்களும் ஸ்ரீவித்யா அக்காவும், மூட்டுவலி நீங்கலாக, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் இருக்கிறேன். சௌக்கியமா என்பதைக் கீழே படித்துவிட்டுத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள் நாம். அக்கா தங்கை இருவரும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அபிதா என்னிடம் கோபித்துக்கொண்டு, பொழிச்சலூரில் எங்கள் பெண் ஸ்ம்ருதி வீட்டுக்குப் போனது தங்களுக்குத் தெரியும். நூறு பேர் நடுவே மேடையேறி, கட்டின மனைவியின் பாட்டை நான் கேவலப்படுத்தினேன் என்று அக்கா சொல்லியிருப்பாள். நூறு பேரெல்லாம் இல்லை, பாதி நாற்காலி காலி. மற்றபடி அவள் சொன்னது கிட்டத்தட்ட உண்மைதான்.

எங்கள் 'சுகராகம்' கரோக்கிக் குழுவைப் பற்றித் தங்களுக்கு எழுதியிருக்கிறேன். ஞாயிறு மாலை அசோசியேஷன் ஹாலில் ரிடையரான பாங்க்காரர்களும் டீச்சர்களும் கூடி, எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளை டிராக் போட்டுப் பாடுவோம். ஒருவர் பாடும்போது மற்றவர்கள் தங்கள் முறைக்கான பாட்டைப் போனில் தேடிக்கொண்டிருப்பார்கள். முடிந்ததும் எல்லாரும் பலமாகக் கை தட்டுவார்கள். எனக்குப் பாட வராது, அதனால் என்னைத் தலைவராக்கினார்கள். இதில் என் துரதிர்ஷ்டம் என்னவென்றால், கொஞ்ச காலமாகவே அந்தப் பாட்டுகள் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டன. இதை நம் வயதுக்காரர்களிடம் சொன்னால் சோற்றில் மண்ணைப் போட்ட மாதிரி பார்ப்பார்கள். ஆனால் உண்மை அதுதான் சார், நான் என்ன செய்ய? புல்லாங்குழல் வருமே என்று காத்திருப்பேன், வராது. வயலின் ஐம்பது பேர் வாசித்தார்கள் என்பார்கள், ஒருத்தரையும் காணோம். பாடகி என்னவோ வாய்க்குள் முனகிக்கொண்டு போவாள். இதற்காகவா காலேஜ் நாளில் டேப் தேயத் தேயக் கேட்டோம் என்று வெறுத்துப்போயிற்று. அதே சமயம் மேடவாக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினால், பின் சீட்டுக்கு அடியில் ஸ்பீக்கரை வைத்து ஒரு புதுப் பாட்டு போடுகிறான் பாருங்கள், வார்த்தை ஒன்றும் புரியாது, ஆனால் நெஞ்சில் கும் கும் என்று இடிக்கிறது. இந்த வயதில் நெஞ்சில் எது இடித்தாலும் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்கிறார்கள். சந்தோஷமாக இடிக்கிறது இது ஒன்றுதான்.

இந்த நிலைமையில் குழுவின் ஆண்டு விழா வந்தது. அபிதா மேடையேறினாள். எந்தப் பாட்டு என்று நினைக்கிறீர்கள்? பெண் பார்க்கப் போன அன்று என் அம்மா ஒரு கீர்த்தனை பாடச் சொல்ல, இவள் கூசாமல் ஒரு சினிமாப் பாட்டை எடுத்துவிட்டாளே, அதே பாட்டு. தாங்கள் அன்றைக்குப் புது மாப்பிள்ளையாக ஜமக்காளத்தில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. நான் சம்மதம் சொன்னதே அந்தப் பாட்டுக்காகத்தான். அதை இப்போது அவள் பாடி முடித்ததும், தலைவர் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கை என் கையில் கொடுத்தார்கள். என் காதில் விழுந்தது தபலாவும் ஏதோ ஒரு முணுமுணுப்பும். எனக்கு அன்றைக்குச் சனி நாக்கிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். "எல்லாரும் சொல்லப் பயப்படறதை நான் சொல்லிடறேன். இந்தப் பாட்டுல ஒண்ணுமே இல்லை. வயசுல ஏதோ மயக்கம், நன்னா இருக்குன்னு நெனைச்சுட்டோம். இப்போ கேட்டா தூக்கம்தான் வரது. ஷேர் ஆட்டோல போடற பாட்டு எவ்வளவோ மேல்" என்று சொல்லிவிட்டேன். ஒருவரும் கை தட்டவில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை, எனக்கு மட்டும்.

நான் குறை சொன்னது பாட்டை, அவள் பாடியதை அல்ல. இந்த வித்தியாசத்தை வீடு வரும் வழியெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தேன். அவள் நாலடி முன்னாலேயே நடந்தாள். வீட்டுக்கு வந்து பெட்டியில் புடவைகளை வைக்கும்போதுதான் கிட்டே வந்து, என் முகத்துக்கு நேரே சொன்னாள்: "பெண்ணைப் பிடிக்கலைன்னு சொல்லணும்னா அன்னிக்கே ஆத்துக்குப் போய் லெட்டர் போட்டிருக்கலாமே. இத்தனை வருஷம் கழிச்சு, அதுக்கு ஒரு மேடையும் மைக்கும் வேணுமா உங்களுக்கு?" அது மட்டும் எனக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது. பொழிச்சலூரில் அந்த வீட்டுக்கு மேலே ஓயாமல் விமானம் போகும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம், என்னை முடியாது என்று கிளம்பிவிட்டாள்.

குழுவில் என்னை வாட்ஸப்பிலிருந்தே நீக்கினார்கள். தலைவரை நீக்கிவிட்டு யாருக்குத் தலைமை என்று கேட்க ஆளில்லை. எங்களுக்கு மைக்செட் போடுகிற ராஜகீழ்ப்பாக்கம் பாட்சா பாய் ஒருவர்தான் வீடு தேடி வந்தார். வந்தவர் ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "இன்னா சார் இப்டி பண்ணிட்டீங்க? எங்க வூட்ல மெஹ்னாஸ் செய்ற பிரியாணி எனக்குந்தான் புடிக்கல. அதுக்காவ கல்யாண மண்டபத்துல மைக்கு புடிச்சி சொல்வனா?" என்றார்.

அதற்கப்புறம் வீடு வீடாகவே இல்லை. ரசம் வைத்தால் எனக்கே பிடிக்கவில்லை. அபிதாவின் பிரஷர் மாத்திரையை எடுத்துப் போக ஸ்ம்ருதி வந்தாள். பெல் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, தன்னிடம் இருந்த சாவியால் திறந்துகொண்டு வந்தால், குக்கர் விசில் மேல் விசிலாக அடித்துப் பருப்பு தீய்கிறது, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். "அப்பா, விசில் கேக்கலையா?" என்றாள். "எந்த விசில்?" என்றேன். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளே கிழக்குத் தாம்பரத்தில் ஒரு காது டாக்டரிடம் இழுத்துப் போனாள். கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். டாக்டர் சொன்னது இதுதான்: கனமான சத்தமெல்லாம் எனக்கு நன்றாகக் கேட்கிறது, மெல்லிசான சத்தங்கள் போய்விட்டன. புல்லாங்குழல், வயலின், குக்கர் விசில், பெண்கள் குரல். "டிரம்?" என்று கேட்டேன். "அது பேஷா கேக்கும் சார்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஊர் உலகத்துக்கு மாறாக, சொந்தமாக ஒரு கருத்துச் சொன்னேன். அதுவும் ஒரு வியாதி என்று ஆகிவிட்டது.

விஷயம் பரவியதும் எல்லாரும் என்னை மன்னித்துவிட்டார்கள். திட்டினபோதுகூட இவ்வளவு கஷ்டமாக இல்லை. "அதான பாத்தேன்! கீச்சு சவுண்ட ஏத்து ஏத்துன்னு வாராவாரம் சொல்லுவீங்க. ஏத்தி ஏத்தி எல்லாருக்கும் காது பேஜாராயிச்சு சார்" என்றார் பாட்சா பாய். போன ஞாயிறு குழுவின் முன்னே நின்று, என் கருத்து காதின் கோளாறு, பாட்டுகள் அமிர்தம், அவற்றில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி வாபஸ் வாங்கினேன். கை தட்டினார்கள். மாப்பிள்ளை முகிலன் காரில் அபிதாவைக் கொண்டுவந்து விட்டார். "காதுதானா? இதைச் சொல்லித் தொலைச்சிருந்தா நான் ஏன் போறேன்?" என்று உள்ளே போய்க் காபி போட்டாள். பிறகு என் காதில் புது மிஷினை மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து, அதே பாட்டை முழுசாகப் பாடினாள். "இப்போ எப்படி?" என்றாள். "தேன்" என்றேன்.

ஆகவே அக்கா இனிமேல் போனில், "திரும்பிப் போய் இன்னும் ஒரு மாசம் பெண் ஆத்துல இரு, புத்தி வரட்டும்" என்று சொல்ல வேண்டாம் என்று தாங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். எனக்குப் புத்தி வந்துவிட்டது, பழைய பாட்டுகளும் பழையபடி பிடித்துவிட்டன. காது மிஷின் ஒரு வரப்பிரசாதம், தாங்களும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தங்கள் இருவர் முழங்காலையும் வைத்தியநாத சுவாமி காப்பாற்றட்டும். அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அபிமானத்துக்குரிய,
வைத்தீஸ்வரன்

பி.கு.: அக்காவுக்குப் படித்துக் காட்டும்போது தயவுசெய்து கையெழுத்தோடு நிறுத்திக்கொள்ளவும். மிஷினை மாட்டிக்கொண்டு, அபிதா காய்கறி வாங்கப் போன சமயம் பார்த்து, அந்தப் பாட்டைப் போனில் போட்டுக் கேட்டேன். புல்லாங்குழல் வந்தது, ஐம்பது வயலினும் வந்தது, பாடகி ஒவ்வொரு வார்த்தையும் அட்சர சுத்தமாகப் பாடுகிறாள். பிடிக்கவில்லை சார். தூக்கம்தான் வந்தது. காது சரியாகிவிட்டது, கருத்து அப்படியேதான் இருக்கிறது. இன்னொன்று. அபிதாவின் குரல் போய்விட்டது. மேலே போகிற இடத்தில் உடைகிறது, மூச்சு வாங்குகிறது, எப்படியோ சமாளித்துக் கீழே வந்துவிடுகிறாள். இது எப்போது ஆயிற்று என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டுக்கொண்டே இல்லையே. இப்போது தினமும் சாயங்காலம் எனக்காகப் பாடுகிறாள். அந்த உடைகிற இடம் வரும்போது நான் நாற்காலி நுனிக்கே வந்துவிடுகிறேன். அந்த ஒரு இடத்துக்காகத்தான் மீதிப் பாட்டையெல்லாம் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வயதில் நான் கேட்டதிலேயே நல்ல சங்கீதம் அதுதான் என்று அவளிடம் சொல்ல ஆசை. ஆனால் 'உடைகிறது' என்பது மட்டும்தான் அவள் காதில் விழும். அப்புறம் பாடவே மாட்டாள்.